தராசில் தொங்கிய நவாபு காசு

வீரபாகு காசை முதலில் நக்குவார். நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடி ஏழு எண்ணுவார். "பழஞ்செம்பு புளிக்கும்ங்க, புதுச் செம்பு கரிக்கும். நாக்கு பொய் சொல்லாது. காசு விக்கறவன்தான் சொல்லுவான்" என்பார். அடுத்தபடியாக, அம்மிக்கல்லின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு ஓசை கேட்பார். மூன்றாவது, எடை. நடுவில் யாராவது தும்மிவிட்டால் மறுபடியும் நக்குவதிலிருந்து தொடங்குவார்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டுத் தறி நெய்கிறவர், வயது நாற்பத்தாறு. பழைய செப்புக் காசுகளை வாங்கி லாபத்துக்கு விற்பது என்று 1971 தையில் தீர்மானித்தார். 1982 ஆடி வரையில் வாங்கியவை அறுபத்தொன்று. விற்றது ஒன்றும் இல்லை. காரணம் கேட்டால் சொல்வார்: "நல்ல காசுன்னா எதுக்குங்க விக்கணும்? கள்ளக் காசுன்னா எப்டிங்க விக்கறது?"

அவர் மனைவி தனகோடிக்கு இந்த வாதம் பிடிபடவில்லை. ஆடி பிறந்த அன்று பிஸ்கட் டப்பாவில் இருந்த காசுகளைக் குலுக்கிக் காட்டினாள். "இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாவது வித்துக் காமி. இல்லாங்காட்டி சைக்கிள்ல வர எவர்சில்வர்காரன்கிட்ட டப்பாவோட போட்டுட்டு ஒரு தூக்கு வாங்கிக்குவேன்." சொன்னால் செய்கிறவள்.

வேலூரில் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர், ஆற்காட்டு நவாபு காலத்துக் காசு கிடைத்தால் முப்பது ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்படி ஒரு காசு எங்கே இருக்கிறது என்பதும் வீரபாகுவுக்குத் தெரியும். பட்டு நூலை நிறுத்துக் கொடுத்து, புடவையாக நிறுத்து வாங்கிக்கொள்ளும் குப்புராஜ் முதலியார் வீட்டுத் தராசில் இருந்தது. தராசு ஒரு பக்கம் சாயும் என்பதால், அவருடைய தகப்பனார் காலத்தில் இடது தட்டின் கயிற்றில் அந்தக் காசைக் கட்டிச் சரிக்கட்டியிருந்தார்கள்.

ஆடி இருபதாம் தேதி, புடவை கொடுக்கப் போன வீரபாகு விலை கேட்டார். குப்புராஜ் பத்து ரூபாய் என்றார். வீரபாகு குனிந்து, தொங்கிய காசைத் தொங்கியபடியே நக்கினார். தராசு அவரோடு சேர்ந்து சாய்ந்தது.

தான் நெய்த புடவையோடு காத்திருந்த உண்ணாமலை, "தராசையே துன்னுடாதீங்கண்ணா, என் பொடவைய நிறுக்கணும்" என்றாள்.

நாக்கில் தேறியது. அவிழ்த்து அம்மியில் போட்டார்; ஓசையும் தேறியது. எடை பார்க்கத் தட்டில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். வலது தட்டு தரையில் கிடந்தது.

"காச நிறுக்கணும்னா தராசு சரியா நிக்கணும்" என்றார் குப்புராஜ். "தராசு நிக்கணும்னா காசு அதுல தொங்கணும். எப்டி நிறுப்ப?"

"ஆசாரி கடையில நிறுத்துக்கினு வந்துடறேனுங்க."

"காசு வாசப்படி தாண்டக் கூடாது. இதே எடையில வேறொண்ணு கட்டு, அப்புறம் எடுத்துக்கினு போ."

வீரபாகு வீட்டுக்கு ஓடி டப்பாவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு காசாகக் கட்டினார், பார்த்தார், அவிழ்த்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆயிற்று. உண்ணாமலை இரண்டு முறை வீட்டுக்குப் போய்வந்தாள், ஒரு முறை உலை வைக்க, ஒரு முறை இறக்க. நாற்பத்து நான்காவது காசில் முள் நேரே நின்றது. அது சந்தவாசலில் கிணறு வெட்டியபோது கிடைத்த யானைக் காசு. டப்பாவிலேயே அவர் தனியாகத் துணியில் முடிந்துவைத்திருந்தது. அதன் எடை மூன்றரை கிராம் என்று ஆசாரி ஏற்கெனவே நிறுத்துச் சொல்லியிருந்தார். ஆகவே நவாபு காசும் மூன்றரை கிராம். எடையும் தேறியது.

யானையைத் தராசில் விட்டுவிட்டு, பத்து ரூபாயும் கொடுத்து, நவாபைக் கொண்டுவந்தார். டப்பாவில் மறுபடியும் அறுபத்தொன்று.

வேலூருக்குப் பஸ் ஏற மூன்று நாள் புறப்பட்டார். மூன்று நாளும் பஸ் வருவதற்குள் காசை இன்னொரு முறை நக்கிப் பார்த்தார். மூன்று முறையும் நல்ல காசுதான். மூன்று முறையும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஆவணி முதல் தேதி காலை ஒன்பதரைக்கு எவர்சில்வர்காரன் வந்தான். டப்பா நீங்கலாக, நவாபும் சேர்த்துச் செம்பு நானூற்றுப் பத்து கிராம். தனகோடி மூடி போட்ட தூக்கு ஒன்று வாங்கினாள். வீரபாகு தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவில்லை. தூக்கை மட்டும் பிறகு வாங்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டி ஓசை கேட்டார்.

அடுத்த புடவையைக் கொடுக்கப் போனபோது குப்புராஜிடம், "இந்த யானைக் காசு இன்னா வெலைங்க?" என்று கேட்டார்.

"யோவ், உன் காசுதானே அது!"

"இருக்கட்டுங்க. சோதிக்காம வாங்கறதில்ல."

குப்புராஜ் பதில் சொல்வதற்குள் வீரபாகு குனிந்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டினார். தராசு சாயத் தொடங்கியது.