ஆணியில் மாட்டிய கைலி: லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை

ஜெர்மனிக்குக் குடிபெயரப் போகும் நம் பக்கத்து ஆட்கள் சிலர் மின்னஞ்சலில் விவரம் கேட்டிருந்தார்கள். எந்த வழியாகப் போவது, பெட்டியில் என்ன வைப்பது, குளிர் தாங்குமா என்றெல்லாம். போன வருடம், 2006 மே மாதம், நானும் என் மனைவி நஸ்ரினும் கிளம்பிய கதையையே எழுதிவிடுகிறேன். உபயோகமான சங்கதியும் இருக்கும், புலம்பலும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவுதியிலோ இருப்பார்கள். ஆளை வெளிநாட்டுக்கு வழியனுப்புவதில் எங்கள் தெருக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பெட்டிக்கு எத்தனை சுற்றுக் கயிறு, ஊறுகாய் ஜாடி எந்த மூலையில், எல்லாம் அத்துப்படி. ஆனால் அவர்கள் வழியனுப்பிப் பழகியது ஆண்களை மட்டும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், போனவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நான் நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிடுகிற வேலைக்குப் போகிறேன் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. மற்றவர்களை விடுங்கள், அம்மாவுக்குப் புரிந்ததா என்பதுதான் என் கவலை.

மூன்று தடவை, அப்பாவின் பயணத்தை உதாரணம் காட்டியே சொல்லிப் பார்த்தேன். "அம்மா, இது அத்தா போன மாதிரி இல்ல. இனிமே குடித்தனமே அங்கதான். நீங்களும் வந்துடுங்க."

"ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும் தம்பி" என்றார் அம்மா, முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டே. "நான் எங்க வர்றது? உங்க அத்தா சவுதி மண்ணுல கெடக்குறாரு, நீ ஜெர்மனிங்கிற. யாராச்சும் ஒருத்தர் வூட்ல இருக்க வேணாமா?"

அடுத்த தெருவில் என் அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். அதைச் சொல்லித்தான் என் மனதை நான் தேற்றிக்கொண்டேன்.

கம்பளி உடை வாங்கப் பெரம்பலூர் போனோம். மே மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதும் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டிக்கா சார்?" ஜெர்மனி என்றேன். பரணிலிருந்து இரண்டு எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். சொல்லிவிடுகிறேன், அந்த ஸ்வெட்டர் ஜெர்மனிக் குளிருக்குச் சட்டைக்குள் போடும் பனியன் மாதிரி. நம்பி வாங்காதீர்கள், அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானம் துபாய் வழி என்று தெருவில் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். "துபாய்லதான எறங்குறீங்க? மச்சான் ஏர்போர்ட் வாசல்ல நிப்பான். குடுத்துட்டு அப்படியே அடுத்த பிளேன்ல ஏறிடுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர், ஏதோ தொழுதூரில் பஸ் மாறுவதைப் போல. வெளியே விடமாட்டார்கள் என்றால், "ரெண்டு நிமிஷ வேல தம்பி" என்கிறார்! அம்மாதான் குறுக்கே வந்தார். "இது அந்தப் பயணம் இல்லங்க" என்று பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வார்த்தையை அப்போது நான் கவனிக்கவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தா ரியாத்துக்குக் கிளம்பும் அன்று, கடைசியாகக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து அறைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அவர் திரும்பி வரும்வரை அம்மா அதைத் துவைக்க மாட்டார். ஒட்டடை அடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பம் போகும். அத்தா வந்து இறங்கிய அன்றுதான் அது தண்ணீரைப் பார்க்கும். நான் கல்லூரியில் படித்தபோது, அத்தா ரியாத்திலேயே மவுத்தாகிவிட்டார், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள் என்று போன் வந்தது. அன்று சாயங்காலம் அம்மா அந்தக் கைலியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

கிளம்பிய நாள் வியாழக்கிழமை. விடிந்ததும் பேண்ட் மாட்டிக்கொண்டு, என் நீலக் கட்டம் போட்ட கைலியை அதே ஆணியில் அம்மா பார்க்கும்படி மாட்டினேன். சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான். அம்மா பார்த்தார். நாங்கள் பசியாறி முடிக்கும்வரை கொல்லையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஏனம் கழுவுகிறார் என்று நினைத்தேன். பெட்டிகளுக்குக் கயிறு கட்டும் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார், என்னைக் கிட்டே விடவில்லை.

காலை பதினொரு மணிக்கு வாடகை சுமோ வந்தது. மீனம்பாக்கம் வரை 3,200 ரூபாய். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் ஏர்போர்ட்டுக்கு வருவதில்லை. அம்மா வாசலில் நின்று நஸ்ரினின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "ரெண்டு வருஷந்தான், போயிட்டு வாங்க" என்றார், தெருவே கேட்கும்படி. "வரேன் மாமி" என்று நஸ்ரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திட்டக்குடி, தொழுதூர், பிறகு சென்னை நெடுஞ்சாலை. சுமார் 250 கிலோமீட்டர். நாற்கரச் சாலை வேலை நடந்ததால் ஏழு மணி நேரம் ஆனது. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "உங்க ஊரு சவாரி நெறைய ஓட்டியிருக்கேன் சார். எப்பவும் ஒருத்தர்தான் அழுதுக்கிட்டு வருவாரு. ரெண்டு பேரும் சேந்து அழுவுறத இப்பத்தான் பாக்குறேன்." டீ குடிக்க நிறுத்திவிட்டு, எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

விமானம் ஏறியது, துபாயில் மாறியது எதுவும் சொல்லும்படி இல்லை. பிராங்க்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது, வெளியே போய்த் தேட வேண்டாம். ஸ்டுட்கார்ட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். மே மாதத்திலும் ஒன்பது டிகிரி. எனக்கு வேலை தந்த நிறுவனம் கொடுத்த வீட்டில் ஒரு மேசை, ஒரு கட்டில், அவ்வளவுதான். விளக்குகூட நாமே வாங்கி மாட்ட வேண்டும். வருகிறவர்கள் முதல் நாளே இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதனால் சனிக்கிழமைக்குள் அரிசி வாங்கிவிடுங்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள். வீட்டில் யாராவது பெட்டி கட்டித் தருகிறேன் என்றால் மட்டும் தடுக்காதீர்கள்.

அம்மா கட்டிய கயிற்றை அறுத்து நஸ்ரின்தான் பெட்டியைத் திறந்தாள். முறுக்கு டப்பா, பருப்புப்பொடி, ஊறுகாய். "இங்க பாருங்க" என்றாள். டப்பாக்களுக்குக் கீழே என் நீலக் கைலி இருந்தது. துவைத்து, நான்காக மடித்து, சவுக்காரம் மணக்க.

கைலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு எல்லாம் புரிந்திருந்தது, எனக்கு முன்பே.

மறுநாள் போன் அட்டை வாங்கி, தெருமுனை போன் பெட்டியிலிருந்து கூப்பிட்டேன். வந்து சேர்ந்தோம் என்றேன், குளிர் என்றேன், சாப்பிட்டோம் என்றேன். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில், "பெட்டியில கைலி இருந்துச்சும்மா" என்றேன்.

 அம்மா சொன்னார்:

"ஆமா தம்பி. அன்னைக்கு நல்ல வெயிலு. நீ கெளம்பறதுக்குள்ள காஞ்சிருச்சு."