பம்புசெட் சுவரில் ஒரு வெள்ளக் கோடு

இது ஊர் சுற்றிப் பார்த்த கதை இல்லை, ஒரு வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போன கதை. 2005 மழை வெள்ளம் வடிந்த பிறகு, டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனேன். போகாமல் தள்ளிப்போட மூன்று வாரமாக ஆயிரம் சாக்கு சொல்லிப் பார்த்தாயிற்று.

எங்கள் அலுவலக வேனை ஓட்டும் கன்னியப்பனின் ஊர், செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றில் சேரும் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. அவர் மனைவி செல்வி மூன்று கறவை மாடுகள் வைத்திருந்தார். மழை வலுத்த அன்று காலை வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் அங்கேதான் இருந்தேன். மாடுகளை எங்கே கட்டுவது என்று செல்வி என்னிடம் கேட்டார். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே! இரண்டு வருடம் முன்பு கட்டிய தடுப்பணை உங்கள் நிலத்துக்கு ஓடையில் அரை கிலோமீட்டர் கீழேதானே இருக்கிறது, ஆபத்தெல்லாம் அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் என்றேன். பம்புசெட் சுவரில் அவர் மாமனார் எந்தக் காலத்திலோ சிவப்புப் பெயின்டில் போட்ட வெள்ளக் கோட்டைக் காட்டி, இதற்கு மேல் தண்ணீர் வராது, பின்னால் மேட்டில் கட்டுங்கள், இடிக்கு மிரண்டு ஓடாதபடி இறுக்கிக் கட்டுங்கள் என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கோடு அணைக்கு முந்தையது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மாமல்லபுரத்தில் காலை 6.40 பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு 30 கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் நெல் சாய்ந்து கிடந்தது. செங்கல்பட்டில் இறங்கி இட்லிப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 12 கிலோமீட்டர், எட்டு ரூபாய். வெள்ளம் எப்படி என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"முன்னாடியும் இதே மழைதான் சார். தண்ணி வந்தா போய்க்கினே இருக்கும். இப்போ அணையாண்ட நின்னு பின்னால ஏறிக்கினு வருது" என்றார்.

இறங்கி அணையைப் பார்த்தேன். ஆள் உயரம்கூட இல்லை. முள்செடியும் தென்னமட்டையும் வந்து அடைத்துக் கிடந்தன. வெள்ளம் அணையைத் தாண்டி வழிய வேண்டுமென்றால் முதலில் அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். அப்படி ஏறும் தண்ணீர் அணையோடு நிற்பதில்லை, மேல்பக்கம் வெகுதூரம் தேங்கிக்கொண்டே போகிறது. போதாததற்கு வண்டல் படிந்து ஓடையும் மேடாகியிருந்தது. பம்புசெட் சுவரில் புதுக் கறை, சிவப்புக் கோட்டுக்கு மூன்று முழம் மேலே. அளந்து பார்த்தேன். இனி அளந்து என்ன புண்ணியம்?

செல்வி வீட்டுக்குப் பின்னால் நனையாமல் தப்பிய வைக்கோலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வியே விவரம் சொன்னார். அன்று மதியம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது பாதையில் கழுத்தளவு தண்ணீர். கன்னியப்பன் வேனோடு திருக்கழுக்குன்றத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் கத்தியது மட்டும் நாலு மணி வரை கேட்டதாம்.

எல்லாம் என்னால்தான் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"நீ சொல்லாட்டியும் அங்கதாண்ணா கட்டியிருப்பேன். நாங்களும் அந்தக் கோட்டத்தான நம்பிக்கினு இருந்தோம்" என்றார். கையில் இருந்த வைக்கோலைக் கீழே வைத்தார். "ஆனா நான் எப்பவும் உருவுற சுருக்குதான் போடுவேன். மாடு இழுத்தா அவுந்துக்கும். அன்னிக்கு நீ சொன்னியேன்னுதான் இறுக்கி முடிச்சு போட்டேன்."

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கடைசி ஷேர் ஆட்டோ மாலை ஐந்து மணிக்கு. மழைக்காலத்தில் அணைக்கு மேல்பக்கம் தங்கினால், வெள்ளம் எதுவரை வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அது அணைக்கு முன்பா பின்பா என்றும் கேளுங்கள். தெரியாததை யாராவது உங்களிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால், மூன்று மாடுகளும் கயிற்றை இழுத்து அவிழ்த்துக்கொண்டு நீந்திக் கரையேறியிருக்கும்.