ஒரு சொல்தாவுக்கு இரண்டு பாட்டு

"குருவிநத்தம், அக்டோபர் 24. இரண்டு தாள்கள் பார்த்தேன். ஒன்று அச்சு, ஒன்று கையெழுத்து. கல் வெட்டுபவருக்கு மூன்று நாளில் சொல்ல வேண்டும்."

என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அந்தத் தாள்கள் இருந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இந்தோசீனாவுக்குப் போய்த் திரும்பாதவர். அப்போது இவர் கைக்குழந்தை. உடலும் வரவில்லை. கல்லறைத் திருநாளன்று அவருக்கும் சேர்த்து அவர் மனைவியின் கல்லறையில்தான் மெழுகுவர்த்தி ஏற்றிவந்தார்கள். இந்த ஆண்டு அவருக்கென்று ஒரு கல் வைக்க முடிவாயிற்று. அதில் எட்டு வரிக்கு இடம். பழைய தாள்களைச் சேர்ப்பவன் என்பதால், எந்தப் பாட்டை வெட்டலாம் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அச்சுத்தாள் ஒரு சரமகவி. இறந்தவருக்காகப் புலவரிடம் எழுதி வாங்கி, முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது சொல்தா வீடுகளின் வழக்கம். பெயர், ஊர், படைப்பிரிவு, மாதம் எல்லாம் இருந்தன. சித்திரை வெயிலில் எதிரி சிதறி ஓட, மார்பில் குண்டேந்திச் சிரித்தபடி வீழ்ந்தார் என்று விருத்தம் முழங்கியது.

கையெழுத்துத்தாள், உடன் போன ஒருவர் திரும்பிவந்து அந்த அம்மாவின் தாயிடம் எழுதிக் கொடுத்தது. யாப்பு கிடையாது. அதில் எதிரியே வரவில்லை. மழை, சேறு, காய்ச்சல். 'அண்ணன்' என்று ஒருவர் இருக்கிறார். நடக்க முடியாமல் போனதும் தன் பூட்ஸைக் கழற்றி இளையவன் ஒருவனுக்குக் கொடுக்கிறார். ஒரு வாய் நீராகாரம் கேட்கிறார், கிடைக்கவில்லை. மறுநாள் மற்றவர்கள் நடக்கிறார்கள். அதோடு முடிகிறது.

பெயரும் ஊரும் மாதமும் உள்ளதை நம்புவது என் பழக்கம். அச்சுத்தாளையே சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை என் கோப்புகளில் சோரியாங்குப்பத்துச் சொல்தா ஒருவரின் சரமகவி அகப்பட்டது. அதே விருத்தம், அதே சித்திரை, அதே சிரிப்பு. பெயரும் ஊரும் மட்டும் வேறு. கேட்டவர்களுக்கெல்லாம் புலவர் அதையே கொடுத்திருக்கிறார்.

அந்த அம்மா சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த பாட்டு அது. சொல்லாமல் விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதற்கடுத்த நாள் சோரியாங்குப்பத்துத் தாளை எடுத்துப்போய் அவர்கள் முன் வைத்தேன்.

அம்மாவின் மகன்தான் முதலில் படித்தார். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரிச்சிக்கினே செத்தாங்களா? போட்டோ ஸ்டூடியோவா அது?"

"சும்மா இருடா" என்ற அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அச்சுத்தாள்களையும் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா இத்தக் கேட்டுக் கேட்டுத்தான் தைரியமா கழனிக்குப் போச்சி. நீ ஏம்பா ஒரு வாரம் கழிச்சி வந்திருக்கக் கூடாது?"

"கல்லு வெட்டினப்புறம் தெரிஞ்சா கஷ்டம்மா."

"அந்தக் கஷ்டம் உனுக்கு. எனுக்கு இல்ல."

மகன், "எம்மா, அச்சடிச்சதே இருக்கட்டும். வெறுங்காலோட கெடந்து நீராகாரம் கேட்டாருன்னு போட்டா ஊர்ல சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும்டா. மார்ல குண்டு வாங்கினவரு சோரியாங்குப்பத்துலயும் இருக்காரு. பூட்ஸக் கழட்டிக் குடுத்தவரு நம்ம வூட்ல மட்டுந்தான்."

கையெழுத்துத்தாளிலிருந்து எட்டு வரிகளை அவரே குறித்துக் கொடுத்தார். நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சு ஆட்சி நீங்கிய விடுதலை நாள் விடுமுறையில் கல்லை நட்டார்கள்.

அந்தக் கையெழுத்துத்தாளில் எங்கும் பெயர் இல்லை. எழுதியவர் இறந்துவிட்டார், அவர் குடும்பம் இருக்கும் இடம் தெரியவில்லை. கல் வெட்டுவதற்கு முன்பே அம்மாவிடம் இதையும் சொன்னேன். "போதும்பா, வுடு" என்றார். அந்த 'அண்ணன்' அவருடைய அப்பாதானா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.