மந்திரவாதியை ‘நீ’ என்று கூப்பிட்ட ஞாயிறு

அந்த விதிப்புத்தகத்தை எழுதியவர் என் கையில் அகப்பட்டிருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். தண்ணீருக்குள் நின்று அம்பு எய்தால் எவ்வளவு புள்ளி கழிக்க வேண்டும் என்று எழுதத் தெரிந்த மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக் கண் செருகிப்போய் இருக்கிற சனத்தை எப்படி விளையாட வைப்பது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில், வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் இருந்தேன். மேல் அறையில் ஒரு மலேசியத் தமிழர் வாடகைக்கு இருந்தார். படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவர். விளையாட்டு அவருடையது. ஆளுக்கொரு பாத்திரம் எடுக்க வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். குகை இருட்டாக இருக்கிறது, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வாய் என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இரண்டு முறை விளையாடினேன், பைத்தியம் பிடித்துவிட்டது. கதை நடத்துவது நான்தான் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். ஆனால் இரண்டு பேரை வைத்து என்ன கதை நடத்துவது? அக்காவையும் அத்தானையும் பிடித்து இழுத்தேன்.

அந்த நேரம் வீட்டுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது. அத்தான் கிழமை முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்து அலுத்துப்போய், டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையைப் பார்த்து, எடுக்கிறேன் என்று வாய்ச்சொல்லும் கொடுத்துவிட்டு வந்தார். கல்லாவில் அக்கா நிற்பா என்பது அவருடைய கணக்கு. அக்காவோ மாலை வகுப்பில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தா. இறுதிச் சோதனை ஆனியில், இன்னும் சில மாதங்கள்தான். அவர் வந்து சொன்னபோது அக்கா சொன்னது ஒரே ஒரு “ஓம்”. அந்த ஓமுக்குப் பிறகு அடுப்படியில் சட்டி பானைகள் எல்லாம் சத்தமாக இறங்கின. இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சல். இவர் கேட்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை.

முதல் இரண்டு ஞாயிறும் பாத்திரம் உருவாக்குவதிலேயே போய்விட்டன. பலம், சுறுசுறுப்பு, கவசம், தோளில் தூக்கக்கூடிய பாரம் என்று அட்டவணைக்கு மேல் அட்டவணை. “தம்பி, விளையாட்டு எப்ப துவங்கும்?” என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். மலேசியாக்காரர் இருபது முகப் பகடையை அவர் பக்கம் தள்ளி, “ரோல் பண்ணுங்கண்ணே” என்றார். அத்தான் தட்டில் இருந்த மட்டன் ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் விளங்கியிருக்கிறது.

என்னை எரிச்சல்படுத்தியது இதுதான். இதே மனிதர் 304 ஆட இருந்தால், துரும்பு எவரிடம் இருக்கிறது, எந்தக் கை எப்போது இறங்கியது என்பதெல்லாம் மனப்பாடம். அந்தச் சீட்டாட்டத்தின் புள்ளிக் கணக்கை ஒரு வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்த முடியுமா? அதற்கு எவராவது புத்தகம் வாசித்தார்களா? இங்கே மட்டும் “உது கனக்கச் சட்டமப்பா” என்று கொட்டாவி.

பிறகு மலேசியாக்காரர் துப்பறியும் கதை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். விதிகள் குறைவு என்றார். குறைவுதான், நூற்றிருபது பக்கம். பூட்டை உடைக்க ஒரு திறமை, பூட்டைக் கவனிக்க இன்னொரு திறமை. அத்தான் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.

மூன்றாவது முறை நான் புத்தகங்களைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டேன். சாதாரணப் பகடை ஒன்று. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் பலித்தது, விழாவிட்டால் இல்லை. மலேசியாக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்போ இது கேமே இல்லையே. சும்மா கதை பேசுறதுதானே?” என்றார். கதை பேசத்தானே இவர்களைக் கூப்பிட்டேன் என்று நான் கத்தினேன்.

எண்களை விரட்டிவிட்டேன், இனித் தொல்லையில்லை என்று நினைத்தேன். எங்கே! அக்கா வாள்வீராங்கனை, ஊரிலேயே பலசாலி. அத்தான் மந்திரவாதி, ஊதினால் விழுந்துவிடுவார். ஆனால் மேசையில் நடந்தது என்ன? “இஞ்சருங்கோ, நீங்கள் என்ன செய்யப்போறியள்?” என்று வீராங்கனை மந்திரவாதியைக் கேட்பா. “நீர் பின்னால நில்லும்” என்பார் மந்திரவாதி. வீராங்கனை பின்னால் நிற்பா. பூதம் வந்து மந்திரவாதியைப் போட்டுச் சாத்தும்போது, “நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்” என்று வீராங்கனை எழும்பிப் போய்விடுவா.

கொஞ்ச நாள் மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் பிடிபட்டது. புத்தகம் ஆங்கிலத்தில் எல்லோரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறது. எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறது. வாயைத் திறந்த உடனேயே யார் முன்னால், யார் பின்னால் என்று முடிவாகிவிடுகிறது. பிறகு பகடை எதற்கு?

அடுத்த ஞாயிறு என் ஒரே ஒரு விதியை அறிவித்தேன். இந்த மேசையில் எல்லோரும் ‘நீ’. நீர், நீங்கள் என்று சொன்னவருக்கு ஒரு முறை ஆட்டம் இல்லை.

“உனக்கு விசரோடா?” என்றா அக்கா. முதல் அரை மணித்தியாலம் அவவுக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. ‘நீ’ வாய்வரை வந்து உள்ளே போனது. அத்தானுக்கோ பெரிய சிரிப்பு.

கதையில் ஓர் ஆறு வந்தது. கரையில் ஒரு வள்ளக்காரன் தன் பழைய வள்ளத்தை விற்கிறான் என்றேன். மந்திரவாதி உடனே, “நான் வாங்கிப்போட்டன். எல்லாரும் ஏறுங்கோ” என்றார்.

“துடுப்பு ஆர் வலிக்கிறது?” என்று கேட்டேன்.

அத்தான் அக்கா பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார். “அவ வலிப்பா.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தா.

“நீ கேட்டனியோ?” என்றா. “வள்ளம் வாங்கேக்கை நீ என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

மலேசியாக்காரர் கையில் இருந்த பகடையை மெல்ல மேசையில் வைத்தார்.

“எனக்கு இந்தக் கரையிலை ஒரு வேலை கிடக்கு. பாதியிலை விட்டுட்டு வந்து உன்ரை வள்ளத்தை வலிக்க ஏலாது. வேணுமெண்டால் நீ தனியப் போ.”

அத்தானின் காது மடல் சிவந்துவிட்டது. பத்து வருடக் கலியாணத்தில் அக்கா அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எழும்பிப் போகப்போகிறார், இந்த மேசையும் சரி, இந்த வீடும் சரி, இன்றோடு குழம்பப்போகிறது என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. என் பக்கம் திரும்பினார். இத்தனை ஞாயிறிலும் ஒரு விதியைக்கூடக் கேட்டிராத மனிதர்.

“தம்பி, உதுக்கு என்ன விழ வேணும்?”

“உதுக்குப் பகடை இல்லை அத்தான்.”

அவர் பகடையை எடுத்து இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

“அப்ப உன்ரை வேலை எப்ப முடியும்?” என்று கேட்டார். அக்காவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஆனியிலை.”

“இந்த உலகத்துல ஆனின்னு மாசமே இல்லையே,” என்றார் மலேசியாக்காரர். “புக்குல வேற காலண்டர் இருக்கு.”

வாயை மூடுங்கோ என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கத்தினோம். மூடுங்கோ என்று சொன்னதற்கு எங்கள் இருவருக்கும் ஆட்டம் போயிருக்க வேண்டும், எவரும் பிடிக்கவில்லை.

“வள்ளக்காரனை ஆனி முடியும் மட்டும் பொறுக்கச் சொல்லு,” என்றார் அத்தான் என்னிடம்.

வள்ளக்காரன் நான்தானே. பொறுக்கிறேன் என்றேன்.