வெள்ளிக்கிழமை வெளியே வராத கண்ணாடி

சேலத்திலிருந்து கோணமடுவு பதினைந்து மைல். ஆடு மேய்ப்பவன் ஆடுகளோடு நடந்தாலும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிடுவான். 1936இல் மாரியப்பனின் மூக்குக் கண்ணாடிக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. பதினைந்து மைலுக்கு மூன்று நாள். ஊருக்குள் வந்தபின் இரண்டு பர்லாங்குக்குப் பதினாறு நாள்.

மாரியப்பன் கிணற்று நீர் இறைக்கும் தோல் சால் தைப்பவர். செங்கோட்டையன் பண்ணையத்துக்கு முப்பது வருஷமாக அவர்தான் தைத்தார். அந்தச் சாலில் ஏறி வந்த தண்ணீரில்தான் செங்கோட்டையன் வாய் கொப்பளித்தார், குளித்தார், சாமி கும்பிட்டார். அதில் தீட்டு ஒட்டவில்லை.

ஐம்பது வயதில் கண் மங்கி, ஊசித் துளை தெரியாமல் போயிற்று. அடுத்த சால் ஒழுகினால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன், வருஷத் தானியமும் அவனுக்கே என்று செங்கோட்டையன் சொல்லிவிட்டார். மாரியப்பன் சேலத்துக்கு நடந்துபோய்க் கண்ணைக் காட்டி, கடையில் கண்ணாடிக்குச் சொல்லி, தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார். சர்க்கார் தபால் நேராகத் தன் கைக்கு வரும் என்று நம்பினார்.

தபாலாபீஸ் சண்முகவேல் வாத்தியார் வீட்டு முன்னறையில் இருந்தது. மாரியப்பன் அங்கே ஏறக்கூடாது. தபால்காரர் மாரியப்பனின் சாதியார் குடியிருக்கும் வளவுக்குள் இறங்கமாட்டார். வளவுக்கு வருவது எதுவானாலும் அவரவர் வேலை செய்யும் நிலக்காரரான பண்ணாடி வீட்டில் கொடுக்கப்படும். பண்ணாடி மனம் வைக்கும்போது கைக்கு வரும். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. வாத்தியாருக்கு அது தெரியும். பள்ளியில் நீதிபோதனை வகுப்பு எடுப்பவரும் அவர்தான்.

மாரியப்பன் தெருவில் நின்று கேட்டார்.

"ஏனுங்க சாமி, எம் பேருக்கு எதாச்சும் வந்துச்சுங்களா?"

"வந்து பத்து நாளாச்சு. பண்ணாடி ஊட்டாளு இந்தப் பக்கம் வந்தாக் குடுத்தனுப்பறேன்."

"நாந்தான் இங்கயே நிக்கறனுங்களே."

"நீ நிக்கறது தெரியுது. போயிட்டு வா."

பதின்மூன்று நாள் வாத்தியாரின் அலமாரியில் கிடந்த பார்சல் ஒரு வியாழக்கிழமை மாலை செங்கோட்டையன் வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் காலை சால் கிழிந்தது. மிளகாய் பூத்து நிற்கிற நேரம். மாடுகள் சும்மா நின்றன. செங்கோட்டையன் கிழிந்த தோலை வாசலில் வீசினார்.

"ஏண்டா, இப்பவே உக்காந்து தை."

"தைக்கறனுங்க பண்ணாடி. கண்ணாடி உள்ள இருக்குதுங்க. எடுத்துக் குடுத்தீங்கன்னா ஆச்சு."

செங்கோட்டையன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி காளியாத்தாள் வெளியே வந்தார், வெறுங்கையோடு.

"வெள்ளிக்கெழமைங்க. ஊட்டுப் பொருள வெளிய குடுத்தா மகாலட்சுமியும் கூடவே போயிருவா."

மாரியப்பன் வாங்கிய கண்ணாடி ஓர் இரவில் அந்த வீட்டு மகாலட்சுமி ஆகிவிட்டது! செங்கோட்டையன் ஒருமுறை மிளகாய்க் காட்டைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாமயே தை."

"தெச்சா ஒழுகுமுங்க. ஒழுகுனா வேற ஆளுன்னு சொல்லியிருக்கீங்க."

"இன்னைக்கே வேற ஆளக் கூப்புடறன் பாரு."

"கூப்புடுங்க சாமி. அவனுக்கும் ஒரு நாளைக்குக் கண்ணு மங்கும். அவங் கண்ணாடியும் உங்க ஊட்டுக்குத்தானுங்க வரும்."

முப்பது வருஷத்தில் மாரியப்பன் அந்த வாசலில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். செங்கோட்டையன் வெண்ணந்தூர் வரை ஆள் அனுப்பினார். பூக்கிற பருவத்தில் சால் தைக்கிறவன் எவனும் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. புதுப் பொருள் எடுத்துக் கொடுக்க ஆகாத நாளாம். ஞாயிறு விடிந்தபின் காளியாத்தாள் பார்சலைத் தூக்கிப் போட்டார். மாரியப்பன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, பொழுது உச்சிக்கு வருமுன் தைத்து முடித்தார். சொட்டுக்கூட ஒழுகவில்லை. வேலையும் தானியமும் அவரிடமே நின்றன.

மூன்று நாள் தண்ணீர் காணாத மிளகாயில் பாதிப் பூ கொட்டிவிட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று செங்கோட்டையன் ராசிபுரத்திலிருந்து மந்திரிக்கிறவனை வரவழைத்தார்.