அறிக்கையில் இருப்பது என் பொய்

ஒரு நல்ல மனிதரை நான் இரண்டு தடவை குற்றவாளியாக்கினேன். முதல் தடவை பயத்தில் செய்தேன். இரண்டாம் தடவை பயப்படுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அப்போதும் செய்தேன்!

இரக்கப்பட வேண்டாம். உங்கள் இரக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? முழுவதையும் படியுங்கள், அது போதும்.

நான் மடத்துவெளியைச் சேர்ந்தவன். ரயில்கள் ஓடிய காலத்தில் வன்னிப் பக்கத்தில் கைகாட்டிகளையும், தெரு தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் கடவைகளின் பூட்டுகளையும் பராமரிப்பது என் வேலை. சுருவிலைச் சேர்ந்த செல்லத்துரை அண்ணை அங்கே ஒரு கடவையில் கேற்காரராக இருந்தார். இருவரும் தீவுப் பகுதி ஆட்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

அந்தக் கடவையின் ஒழுங்கு எளிமையானது. கேற்றை மூடிப் பூட்டினால்தான் அதன் சாவி, நாங்கள் திறப்பு என்போம், கையில் வரும். அந்தத் திறப்பைக் கைகாட்டிப் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் கைகாட்டி இறங்கி ரயிலை வரவிடும். அதாவது, கேற் திறந்திருக்கும்போது ரயிலுக்கு வழி கிடைக்கவே கிடைக்காது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

அதைக் கெடுத்தவன் நான்.

பூட்டின் உள்ளே சுருள்கம்பி உடைந்துபோனது. கேற்றை மூடினாலும் திறப்பு வெளியே வரவில்லை. ரயில்கள் நின்று ஊதின. மேலிடம் என்னை ஏசியது. புதுப் பாகம் கேட்டு எழுதினேன், வரவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது... இரும்புத் துண்டு ஒன்றை அராவி அராவி இன்னொரு திறப்புச் செய்து செல்லத்துரை அண்ணையின் கையில் கொடுத்தேன். "பாகம் வருமட்டும் இதைப் பாவியுங்கோ அண்ணை, ஒண்டும் நடவாது" என்றேன். மாதங்கள் போயின. நான் அதை மறந்தே போனேன்.

ஒரு நாள் அவர் அந்தத் திறப்பால் முதலில் கைகாட்டியை இறக்கிவிட்டுக் கேற்றை மூட ஓடியபோது, நெல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவில் சிக்கி இறுகிவிட்டது. அவர் சிவப்புக் கொடியோடு ரயிலை நோக்கி ஓடியிருக்கிறார். ரயில் நிற்கவில்லை. வண்டிக்காரர் அந்த இடத்திலேயே இறந்தார்.

முதலில் போய்ச் சேர்ந்த உத்தியோகத்தன் நான். என்ன செய்தேன் தெரியுமா? கைகாட்டிப் பெட்டியிலிருந்த என் கள்ளத் திறப்பைப் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். ஒரு கம்பியை வளைத்துச் சுருளாக்கிப் பூட்டைச் சரிசெய்தேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை! மாதக்கணக்காகப் பாகம் இல்லை, பாகம் இல்லை என்று புலம்பியவன்... ஒரு மணித்தியால வேலையை அன்றைக்கே செய்திருந்தால் அந்த மனிதர் நெல்லோடு வீடு போயிருப்பார்.

விசாரணையில் செல்லத்துரை அண்ணை உண்மையைச் சொன்னார். அப்படி ஒரு திறப்பு இருந்ததேயில்லை என்று நான் சொன்னேன். பூட்டும் ஒழுங்காக வேலை செய்தது அல்லவா? அவரை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரில் அவருக்கு 'வண்டிக்காரனைக் கொன்றவன்' என்ற பெயர் மிஞ்சியது. மகளுக்கு வந்த சம்பந்தங்கள்கூட அந்தக் கதையைக் கேட்டுத் திரும்பிப் போயின.

பிறகு சண்டை வந்து ரயிலும் நின்றது. தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குக் கூரையானது. எல்லாம் மண்ணோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். வெட்கம் கெட்ட நிம்மதி!

சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் இரண்டு வெளிநாட்டு நிபுணர்கள் வந்தார்கள். பாதையை மீண்டும் போடுவதானால் எப்படிப்பட்ட கைகாட்டி முறை வேண்டும் என்று ஆராய வந்தவர்கள். ஒருவர் முதிய வெள்ளைக்காரர், மற்றவர் நடுவயதுப் பெண் பொறியியலாளர். பழைய விபத்துக் கோப்பில் கேற்காரரின் வாக்குமூலத்தைக் கண்டு அவரோடு பேச விரும்பினார்கள். ஆங்கிலம் தெரிந்த பழைய ரயில்வேக்காரன் என்று மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். அதே கோப்பில் சாட்சியாக இருந்தவனையே! நிபுணர்களாம்... ஒருவருக்காவது உறைத்ததா?

பண்ணைப் பாலத்தைக் கடந்து வாகனத்தில் போகும்போது இருவரும் வாதாடினார்கள். ஆளை நம்பும் முறையே பிழை, எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிட வேண்டும் என்றார் முதியவர். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கள் நாட்டிலும் கள்ளத் திறப்புகள் இருந்தன. செய்தவரைத் தண்டித்தால் அடுத்தவர் ஒளிப்பார். அதனால் நாங்கள் தண்டிப்பதில்லை, ஏன் அது தேவைப்பட்டது என்று மட்டும் கேட்கிறோம்" என்றார்.

முன் இருக்கையில் இருந்து நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு எளிதா? இத்தனை வருடமாக நான் கட்டிக் காத்த பொய்க்கு அங்கே தண்டனையே இல்லையா? கதவை அகலத் திறந்து வைத்திருந்தார் அந்தப் பெண். நான் அதற்குள் நுழையவில்லை.

சுருவிலில் செல்லத்துரை அண்ணை எங்களுக்குக் கதிரைகள் போட்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு காத்திருந்தார். அந்தப் பெண் நேரடியாகவே கேட்டார்: "இரண்டாவது திறப்பு ஒன்று இருந்ததா?"

நான் தமிழில் சொன்னேன்: "இப்ப சீவியம் எப்பிடிப் போகுது எண்டு கேக்கிறா அண்ணை."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "மூண்டு ஆடு நிக்குது, மோள் தைக்கிறாள், பரவாயில்லை எண்டு சொல்லும் தம்பி."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "திறப்பு எதுவும் இருக்கவில்லை. கேற்றை மூட மறந்துவிட்டாராம். வருந்துகிறார்."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டார்.

புறப்படும்போது செல்லத்துரை அண்ணை என்னை வேலியோரம் கூப்பிட்டார். "தம்பி, கீ எண்டால் எனக்கு விளங்காதே? எவ்வளவு காலம் ரெயில்வேயில நிண்டனான்! திறப்பைப் பற்றித்தானே கேட்டவ? நீர் என்ன சொன்னனீர்?"

"உள்ளதைச் சொன்னனான் அண்ணை."

"என்னைக் கொண்டு உம்மைக் காட்டிக்குடுக்க வைக்காமல் நீரே சொல்லிப்போட்டீர்... அது காணும், வேறொண்டும் வேண்டாம், தம்பி." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? ஏன் நம்பினார்? நான் பொய்யன் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தானே தெரியும்! அவர்மீதே எனக்குக் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது.

சில மாதங்களில் அவர்களுடைய ஆங்கில அறிக்கை எனக்குத் தபாலில் வந்தது. கேள்விப்பட்ட செல்லத்துரை அண்ணை குறிகட்டுவான் பஸ் ஏறி என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்? வாசியும்."

அதில் இருந்தது இதுதான்: விபத்துக்குக் கேற்காரரின் கவனயீனமே காரணம்; அவரே அதை ஒப்புக்கொண்டார்; ஆகவே மனிதரை நம்பாத முறையே இங்கு பொருத்தம். அந்தப் பெண்ணும் முதியவரின் கட்சிக்கு வந்துவிட்டார். சர்வதேச நிபுணர்களின் ஏகமனதான கருத்து! அதன் அடியில் கிடந்தது என் பொய்.

நான் வாசித்தேன்: "உங்களில ஒரு பிழையும் இல்லை எண்டு எழுதியிருக்கினம்."

அந்தப் பக்கத்தைத் தரச் சொல்லிக் கேட்டார். கொடுத்தேன்... கிழித்துக் கொடுத்தேன்!

கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் காலமானார். செத்தவீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அவருடைய மகள் அலுமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "சனத்துக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ மாமா. அப்பா இதைத் தன்னோட வைச்சுவிடச் சொன்னவர்."

எழுந்து நின்று அதே பொய்யை வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியது. அவரைத் தூற்றிய வாய்களெல்லாம் உச்சுக்கொட்டின. மகள் தாளை வாங்கி மடித்து அவருடைய நெஞ்சில் வைத்தாள்.

"நீங்கள் இல்லாட்டி அப்பா பழியோட போயிருப்பார் மாமா" என்றாள்.

அவர் பழியோடுதான் போனார். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு போனார்.