செமான் மூடிய நாலாவது பக்கம்

என் தங்கை ஹன்னேயின் புருஷன் செமான். அவனுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. அவன் கதைக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் ஒரு வரியை எவன் படிப்பான்? அதனால் விரித்தே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் கனடாவில் இந்த ஹாலிஃபாக்ஸ் துறைமுகக் கரையில் தன்னூஸ் சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டால் டாக்சிக்காரன் வண்டியை நேராக என் வாசலில்தான் நிறுத்துவான்.

லெபனான் மலையிலிருந்து செமானை வரவழைத்ததே நான்தான். வந்ததும் ஒரு டோனேர் கடையில் ரொட்டிக்குள் கறி சுற்றுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் கூட வை என்று குடிகாரப் பயல்கள் கேட்டால் வைத்துவிடுவான். இன்னும் கொஞ்சம் என்றால் அதையும் வைப்பான். அந்த முதலாளி ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு விரட்டிவிட்டான். அப்புறம் மூன்று இடம் மாறினான், மூன்றிலும் இதே கதைதான்.

என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியானபோது ஹன்னே என்னிடம் வந்து அழுதாள். கட்டிடத்தின் சொந்தக்காரர் மெக்கின்னனிடம் நான்தான் பேசினேன். அவர் செமானிடம் ஒரே பேச்சாகச் சொன்னார். "அக்டோபர் கடைசி வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா அஞ்சு வருஷம் வாடகைக்கு எழுதித் தர்றேன். ஓடலைன்னா சாவியைக் குடுத்துடு."

எங்கள் ஊரில் அக்டோபர்தான் கடைக்காரனின் உயிர். இலை சிவப்பதைப் பார்க்க வருகிற கிழவன் கிழவிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர்களுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். காற்றோ தோலை உரிக்கும். வெளி மேசையில் சூடு இல்லையென்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் ஹீட்டர் வாங்கிய விதத்தை இன்னும் ஊரில் பேசுகிறார்கள். விற்க வந்தவன் நீட்டிய படங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஏப்ரல் காற்றில் கோட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஹீட்டருக்கு அடியிலும் உட்கார்ந்தேன். காளான் மாதிரி நிற்கிற கேஸ் ஹீட்டர் உச்சந்தலையைச் சுட்டது, முழங்கால் விறைத்தது. காற்று ஒரு தடவை வீசியதும் மொத்தச் சூட்டையும் அள்ளிக் கடலில் போட்டுவிட்டது. கரண்டில் சிவக்கிற கம்பி ஹீட்டர் அப்படியில்லை. அது காற்றைச் சூடாக்காது, வெயில் மாதிரி நேரே ஆளைச் சூடாக்கும். சுவரில் தலைக்கு மேலே சாய்த்து மாட்டினேன். இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தேன். ஆள் இல்லாத மேசைக்கு அணைத்துவிடுவேன். எந்த எஞ்சினியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செமானிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, கரண்டு ஹீட்டர் வாங்கு. கேஸ் வேண்டாம்."

"விருந்தாளி வரும்போது நெருப்பு கண்ணுக்குத் தெரியணும் மச்சான். அதுதானே மரியாதை? உன் கடையைப் பாத்தா கோழி வாட்டற இடம் மாதிரி இருக்கு."

"கோழியாவது சூடா இருக்கும்டா. உன் விருந்தாளி மீன்பெட்டியில வச்ச மாதிரி கிடப்பான்."

என் கடைப் பையன்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். போய் ஆறு காளான் வாங்கி நிறுத்தினான்.

அக்டோபர் பிறந்தது. யாராவது குளிருகிறது என்றால் ஹீட்டரைக் கட்டிப்பிடித்து அவர்கள் பக்கம் இழுப்பான். உடனே அடுத்த மேசை கூப்பிடும். நாள் பூராவும் இழுத்துக்கொண்டு கிடந்தான். ஒருநாள் நாலு பேர் அவன் மேசையிலிருந்து எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கிப்பே கறி உருண்டைகளையும் ஒயின் கிளாசையும் அவனே தட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.

"சூடு ஆறிடும் மச்சான், அதான்."

"வச்சுட்டுப் போ," என்றேன். காபியும் இனிப்பும் நான் விற்றேன்.

அதற்கப்புறம்தான் பிளாஸ்டிக் திரை வாங்கினான். பின்பக்கம் கடைச் சுவர். இடதும் வலதும் திரை. கடலைப் பார்த்த நாலாவது பக்கத்துக்கும் சுருட்டித் தூக்குகிற திரை ஒன்று, ராத்திரி பூட்டுவதற்கு. ஹீட்டர் எரியும்போது அதை இறக்கவே கூடாது என்று திரைக்காரன் நாலு தடவை சொன்னான். நானும் சொன்னேன். தலையாட்டினான். சூடு கொஞ்சம் நின்றது, கூட்டமும் வந்தது. ஹன்னே முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ரத்தம் ஓடியது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பெரிய கப்பல் ஒன்று வந்தது. மத்தியானம், அவன் வெளி மேசை முழுக்க ஆள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மா அவனைக் கூப்பிட்டு, அந்தத் திரையையும் இறக்கிவிடு, கழுத்தில் காற்றடிக்கிறது என்றாள். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி கேட்டாள். இறக்கிவிட்டான்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். போய்ச் சொன்னேன்.

"திரையைத் தூக்குடா. கேஸ் எரியுது, உள்ள மூச்சு விட வழியில்லை."

"விருந்தாளி கேட்டாங்க மச்சான். சாப்பிட்டு முடிக்கட்டும்."

"விருந்தாளியா? பில்லு குடுத்துட்டுக் கப்பலேறப் போற ஜனம்டா."

"ஒரு பத்து நிமிஷம்."

நான் திரும்பி வந்துவிட்டேன். என் மேசைகளும் நிரம்பியிருந்தன.

முதலில் ஒரு கிழவர் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தார். அடுத்த மேசையில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். மூன்றாவதாக, பரிமாறிக்கொண்டிருந்த ஹன்னே தட்டோடு விழுந்தாள். அப்போதுதான் செமான் திரையைக் கிழித்தெறிந்தான். ஆம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. யாரும் சாகவில்லை. ஹன்னேயை மட்டும் மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

நகராட்சிக்குப் புகார் எழுதியவள் அந்த மஞ்சள் கோட்டுக்காரிதான். கடைக்காரன் மூடி வைத்துப் புகை போட்டான் என்று எழுதியிருந்தாள். கேட்டது தான்தான் என்று ஒரு எழுத்து இல்லை. அதிகாரி வந்து விசாரித்தபோது, அதையாவது சொல்லித் தொலை என்று செமானிடம் சொன்னேன்.

"அந்தம்மாவை எப்படி மச்சான் காட்டிக்குடுக்கறது? நம்ம கடையில சாப்பிட்டவங்க."

கதவில் சீல் ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்து செமான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மெக்கின்னனிடம் ஒரு வார்த்தை பேசு, அடுத்த அக்டோபர் வரைக்கும் தவணை கேள் என்றான்.

"முடியாது," என்றேன். "காலையிலேயே பேசிட்டேன். உன் கடையையும் சேத்து என் பேருக்கு எழுதிட்டார்."

அவன் கோபப்படவில்லை. "அப்ப சரி மச்சான்," என்று சொல்லி, சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.

நடுச்சுவரை இடித்து இரண்டு கடையையும் ஒன்றாக்கினேன். என் ஹீட்டர்கள் இப்போது அந்தக் கோடிவரைக்கும் சிவக்கின்றன. ஹன்னே என்னோடு பேசுவதில்லை. மாதா கோயிலில் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறாள். செமான் என்னிடம்தான் வேலை செய்கிறான். வெளி மேசைப் பக்கம் அவனை விடுவதில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிறான். அங்கே அவனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.